கையெழுத்துப் போட மறுத்த ஜெசிந்தா

ஜெசிந்தா இறந்துபோன செய்தியை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் பழைய அலுவலகத்தைச் சேர்ந்தவர் அல்ல. காஹாங் என்ற ஊரில் ஒரு கோழிப் பண்ணையில் வேலை செய்யும் முனியாண்டி. காலை ஏழு மணி இருக்கும். சிங்கப்பூருக்குப் போகும் பேருந்துக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். "சார், ஜெசிந்தா மேடம் போயிட்டாங்க. இப்பதான் அவங்க தம்பி போன் பண்ணாரு. உங்களுக்குச் சொன்னாங்களான்னு தெரியல, அதான் கூப்பிட்டேன்" என்றார். வரிசையை விட்டு வெளியே வந்தேன். அன்று வேலைக்குப் போகவில்லை.

அவருக்கு நாற்பத்து நான்கு வயதுதான். அவரோடு வேலை செய்தவர்கள், சண்டை போட்டவர்கள், அவரைக் கண்டால் வேறு வழியாகப் போனவர்கள் எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். அவரைப் பற்றி நல்ல வார்த்தை நாலு சொல்லிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனம் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

தெப்ராவில் ஒரு தொழிற்சாலையின் மென்பொருள் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் எங்கள் மேசைகள் அடுத்தடுத்து இருந்தன. பண்ணைகளில் மாட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்யும் இடம் அது. கோழிக் கொட்டகைக்குள் வெப்பம் ஏறினால் விசிறிகளை ஓட்டுவதும், அளவு மீறினால் அபாய மணி அடிப்பதும் அந்தப் பெட்டியின் வேலை. உள்ளே ஒரு சிறிய கணினி. அதன் கெர்னல், அதாவது மற்ற எல்லா நிரல்களுக்கும் அடியில் இருந்து நினைவகத்தையும் கருவிகளையும் ஆளும் பகுதி, எங்கள் இருவரின் பொறுப்பு. நான் மூத்தவன். ஆனால் வேலையில் அவர் என்னைவிடக் கெட்டி. இது இருவருக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

ஜெசிந்தா லாபிஸ் என்ற ஊர்க்காரர். அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் வேலையில் இருந்தவர். வந்த முதல் வாரத்திலேயே அலுவலக மின்னஞ்சலில் தன் பெயரை 'ஜெஸ்' என்று சுருக்கிப் போட்டிருந்ததை மாற்றச் சொன்னார். ஜெசிந்தா மேரி அந்தோணிசாமி என்று முழுதாக வரவேண்டும். "இடம் பத்தாது" என்றார் கணக்கு உருவாக்கிக் கொடுத்தவர். "பத்தும். நான் எண்ணிப் பார்த்துட்டேன்" என்றார் இவர். பத்தியது.

ஒரு வெயில் காலத்தில் அந்தக் காஹாங் பண்ணையிலிருந்து புகார் வந்தது. பிற்பகல் நேரத்தில் ஒரு கொட்டகையின் பெட்டி உறைந்துவிட்டது. திரையில் கடைசியாகக் காட்டிய வெப்பநிலை அப்படியே நின்றது. விசிறிகள் ஓய்வில் இருந்த சில நிமிடங்களில் அது நடந்ததால் அவை மறுபடி ஓடவே இல்லை. அபாய மணியும் அதே பெட்டியில்தான். அதுவும் அடிக்கவில்லை. ஆள் போய்ப் பார்த்தபோது கொட்டகையில் பாதிக் கோழிகள் செத்துக் கிடந்தன. உறைவதற்கு முன் அந்தப் பெட்டியைத் தொட்டவர் முனியாண்டி. வெப்பம் அளக்கும் சென்சாரின் வயரைக் கழற்றி, தூசி துடைத்து, திரும்ப மாட்டியிருந்தார். பண்ணைக்காரர் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

பெட்டி எங்களிடம் வந்தது. மின்சாரம் கொடுத்தோம். வயரைப் பத்து முறை கழற்றி மாட்டினோம். ஒன்றும் ஆகவில்லை. பெட்டியில் குறை இல்லை, இயக்கியவர் தவறாகக் கையாண்டிருக்கிறார் என்று ஓர் அறிக்கை தயாரானது. அதில் சோதனை செய்தவர் என்ற இடத்தில் ஜெசிந்தா கையெழுத்துப் போட வேண்டும். மேலாளர் காகிதத்தை மேசையில் வைத்தார். ஜெசிந்தா அதை இரண்டு முறை படித்தார்.

"தவறாகக் கையாண்டார்னு எப்படித் தெரியும்? யாராச்சும் அவர்கிட்ட கேட்டோமா?"

யாரும் கேட்டிருக்கவில்லை. "அப்ப நான் போட மாட்டேன்" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை என் காரில் காஹாங் போனோம். முனியாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் இருந்தார். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு அவர் நின்றுகொண்டே பேசினார். "மாசா மாசம் கழட்டித்தான் மேடம் தொடைப்பேன். உங்க புத்தகத்துலயே அப்படித்தான் போட்டிருக்கு. போன மாசமும் செஞ்சேன், ஒன்னும் ஆகல."

"போன மாசத்துக்கும் இந்த மாசத்துக்கும் நடுவுல என்ன நடந்துச்சு அண்ணே?"

"உங்க ஆளுங்க வந்து பெட்டிக்கு ஏதோ புதுசா ஏத்திட்டுப் போனாங்க."

"அதுக்கப்புறம் பெட்டிய எப்ப ஆஃப் பண்ணீங்க?"

"பண்ணவே இல்ல. பண்ணக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தானே போனாங்க. பன்னெண்டு நாளா ஓடிட்டுத்தான் இருந்துச்சு."

திரும்பி வரும் வழியில் குளுவாங் ஊரைத் தாண்டும் வரை ஜெசிந்தா நாட்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். பிறகு சொன்னார்: "நாம பெட்டிய ஆன் பண்ணி அஞ்சு நிமிஷத்துல கழட்டிப் பார்க்கிறோம் அண்ணே. அவர் பன்னெண்டு நாள் கழிச்சுக் கழட்டினாரு. நாம செஞ்சது அதே சோதனை இல்ல."

திங்கட்கிழமை ஒரு பெட்டியில் அதே புதிய மென்பொருள் பதிப்பை ஏற்றி, பண்ணையில் ஓடுவதுபோல் ஓடவிட்டார். 'ஜாங்கான் செந்து' என்று எழுதி ஒட்டினார். மலாயில், தொடாதே என்று பொருள். மேலாளர் தினமும் வந்து கையெழுத்தைக் கேட்டார். "பெட்டி ஓடிட்டிருக்கு" என்பதே தினமும் பதில். எட்டாம் நாள் காலை வயரைக் கழற்றி மாட்டினார். பெட்டி உறைந்தது. திரையில் வெப்பநிலை அப்படியே நின்றது.

இது ஏன் என்று சொல்ல வேண்டும். கெர்னல் விழித்தெழும்போது செய்யவேண்டிய சில வேலைகள் உண்டு. என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்று பார்ப்பது, நினைவகத்தைப் பங்கிடுவது போன்றவை. அவை ஒரே ஒரு முறைதான் நடக்கும். அதற்கான நிரல்களுக்குத் 'தொடக்கத்துக்கு மட்டும்' என்று எழுதும்போதே ஒரு குறி போடுவோம். குறி போட்டவை எல்லாம் நினைவகத்தில் ஒரே பகுதியில் சேர்ந்து உட்காரும். தொடக்கம் முடிந்ததும் கெர்னல் அந்த இடம் முழுவதையும் காலி செய்து, இத்தனை கிலோபைட் விடுவித்தேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு, வேறு வேலைகளுக்குக் கொடுத்துவிடும். சிறிய பெட்டிகளில் அந்த இடம் பெரிய உதவி. ஆனால் பிறகும் தேவைப்படும் ஒரு நிரலுக்கு அந்தக் குறியைத் தவறாகப் போட்டுவிட்டால் ஆபத்து. சென்சாரை மறுபடி மாட்டும்போது கெர்னல் அந்த நிரலைத் தேடி அதே முகவரிக்குப் போகும். காலி செய்த உடனே போனால் பழைய எழுத்துகள் இன்னும் அழியாமல் இருக்கும், வேலை நடந்துவிடும். பல நாள் கழித்துப் போனால் அங்கே வேறு எதுவோ குடியேறியிருக்கும். எங்கள் மேசையில் பிழைத்ததும் காஹாங்கில் செத்ததும் இதனால்தான்.

தவறான குறி எந்த வரியில் என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு மணி நேரம் ஆனது. பதிப்பு வரலாற்றைத் திறந்து, அதைப் போட்டது யார் என்று பார்த்தார். பிறகு தன் திரையை என் பக்கம் திருப்பினார்.

"அண்ணே, இது உங்க பேர்தானே?"

என் பெயர்தான். புதிய பதிப்பில் நினைவகம் போதவில்லை, எங்காவது மிச்சம் பிடியுங்கள் என்றார்கள். தொடக்கத்தில் ஓடுவதாகத் தெரிந்ததற்கெல்லாம் குறி போட்டுக்கொண்டே போனேன். நிரலைத் தொகுக்கும்போது கணினி எச்சரித்தது. என்றும் இருக்கப்போகும் ஒரு நிரல், காலியாகப்போகும் ஒரு நிரலை அழைக்கிறது என்று தெளிவாகவே சொன்னது. அந்த எச்சரிக்கையை அடக்கவும் ஒரு குறி உண்டு. 'எனக்குத் தெரியும், பரவாயில்லை' என்று அதற்குப் பொருள். எனக்குத் தெரியாது. அன்று மாலைக்குள் பதிப்பு வெளியாக வேண்டும். அடக்கினேன்.

"தெரிஞ்சு போட்டீங்களா?"

"இல்ல. அவசரத்துல போட்டேன்."

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "வியாழக்கிழமை மீட்டிங் இருக்கு. நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்லலன்னா நான் சொல்வேன்." மிரட்டும் குரல் அல்ல. மதிய உணவுக்கு என்ன என்று கேட்கும் குரல். அந்த மூன்று நாளும் அவர் என்னோடு எப்போதும்போல் பேசினார். காப்பி வாங்கிவந்தால் எனக்கும் ஒன்று வாங்கிவந்தார். நான்தான் அதை ஆறவிட்டுக் கொட்டினேன்.

வியாழக்கிழமை சொன்னேன். மேலாளர் கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் திருத்திவிடலாம், அறிக்கை இருப்பதுபோலவே போகட்டும் என்றார். அறையில் இருந்த எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. எனக்கும்தான். அதை மறைக்கப்போவதில்லை.

ஜெசிந்தா மட்டும் எழுந்தார். "பெட்டிய சரி பண்ணிடலாம். முனியாண்டிய யாரு சரி பண்றது?"

அன்று பிற்பகலே பண்ணைக்காரருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். தவறு எங்கள் நிரலில், உங்கள் ஆள் புத்தகத்தில் உள்ளபடிதான் செய்தார், சோதித்துப் பார்த்தது நான் என்று மூன்று வரி. கீழே முழுப் பெயர். யாருடைய அனுமதியும் கேட்கவில்லை. மேலாளருக்கும் ஒரு பிரதி போனது.

முனியாண்டிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அவரிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. தவறு செய்த எனக்கு, இனிமேல் கவனமாக இருங்கள் என்ற ஒரு வாக்கியம் கிடைத்தது. ஜெசிந்தாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. வரவிருந்த பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. அவரைக் கையேடுகள் எழுதும் பிரிவுக்கு மாற்றினார்கள். கடிதத்தைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடச் சொன்னபோது, "படிச்சேன், ஒத்துக்கல" என்று எழுதிக் கீழே பெயரைப் போட்டார்.

மாறிப்போகும் முன் ஒரு வேலையை முடித்தார். எங்கள் சோதனைப் பெட்டிகளில் தொடக்கப் பகுதி காலியானதும் அந்த இடம் முழுவதும் செல்லாத எண்களால் நிரம்பும்படி செய்தார். யாராவது தவறிப்போய் அங்கே நுழைந்தால் அந்த நொடியே பெட்டி விழும். "தப்பு இருந்தா உடனே விழணும் அண்ணே. எட்டு நாள் நல்லவன் மாதிரி நடிக்கக் கூடாது" என்றார். என்னைத்தான் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, பெட்டியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

கையேடுகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. சென்சாரைத் துடைக்கும் பக்கத்தைத் தமிழிலும் மலாயிலும் எழுதி, அச்சுக்குப் போகும் முன் காஹாங்குக்கு எடுத்துச்சென்று முனியாண்டியிடம் படித்துக் காட்டினார். "இந்த வார்த்தை எங்களுக்குப் புரியாது மேடம்" என்று அவர் சொன்ன இடங்களையெல்லாம் மாற்றினார்.

நோய் வந்த பிறகு இரண்டு முறை மருத்துவமனையில் பார்த்தேன். இரண்டாம் முறை, பார்க்க வந்த ஓர் உறவினர் எல்லாம் ஆண்டவர் சித்தம் என்று ஆறுதல் சொன்னார். ஜெசிந்தா தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதப் பத்தி எனக்கும் அவருக்கும் பேச்சு நடந்துட்டு இருக்கு அக்கா. முடியட்டும், சொல்றேன்." உறவினர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார். நான் சிரித்துவிட்டேன். ஜெசிந்தாவும் சிரித்தார், இருமல் வரும் வரை.

லாபிஸில் நல்லடக்கம். பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்தில் நின்றபோது பழைய மேலாளர் என் பக்கத்தில் வந்தார். "நல்ல திறமைசாலி. பிடிவாதம் மட்டும் கொஞ்சம் குறைஞ்சிருந்தா எங்கேயோ போயிருப்பாங்க" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். சற்றுத் தள்ளி வெள்ளைச் சட்டையில் முனியாண்டி நின்றுகொண்டிருந்தார். அவரைக் காட்டி, "அது குறைஞ்சிருந்தா அந்த ஆளுக்கு வேலை இருந்திருக்காது சார்" என்றேன். அவர் யார் என்று மேலாளர் கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இத்தனை ஆண்டுகளில் அவர் முனியாண்டியின் முகத்தைப் பார்த்ததே இல்லை. பெயரைச் சொன்னேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜெசிந்தா பிடிவாதக்காரர்தான். அதை அவருடைய குறைகளின் பட்டியலில் சேர்க்க நான் விடமாட்டேன். அந்தப் பதவி உயர்வு அவருக்கு வந்திருக்க வேண்டும். கொடுக்காமல் விட்டார்கள். அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது ஒன்றே ஒன்று. போன வாரம் நான் இப்போது வேலை செய்யும் இடத்தில் ஒரு பதிப்பு கெட்டுப்போனது. கூட்டத்தில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். கடைசியாக இதைத் தொட்டது யார் என்று கேட்டார்கள். கேள்வி முடிவதற்குள் என் கை மேலே போயிருந்தது.