வாய் ஓயாத கோல்கீப்பர்

அவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில், எங்கள் ஊர் காஜா பெராங் திடலில் நடந்த ஒரே ஒரு பந்தாட்டத்தில்தான் அவரைப் பார்த்தேன். குட்டையான கோல்கீப்பர். சோற்றைக் கண்ணால் காண்பதே அரிதான அந்த நாட்களிலும் எப்படியோ தொந்தி வைத்திருந்தார். எதிரணியினர் பந்தைத் தொட்டால் போதும், அவர் வாய் திறந்துவிடும்.

வெல்லும் அணிக்கு ஒரு மூட்டை அரிசி என்று சொல்லியிருந்தார்கள். கடைசி நிமிடம் வரை யாரும் கோல் போடவில்லை. அப்போது எதிரணியின் நெட்டை ஆட்டக்காரர் பந்தோடு பாய்ந்து வந்தார்.

"வா தம்பி, வா! அது காலா, மரவள்ளிக் கிழங்கா? பாத்து அடி, ஒடஞ்சிரப் போவுது!"

கோட்டோரம் கொடி பிடித்து நின்ற நான் கண்ணை மூடிச் சிரித்துவிட்டேன். அந்த நொடியில் நெட்டையர் பந்தை அடித்துவிட்டார். கோல் கம்பத்தில் வலை இல்லை. மீன் பிடிக்க யாரோ அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். பந்து கம்பத்துக்கு உள்ளே போனதா, வெளியே போனதா? நடுவர் என்னைக் கேட்டார். கொடியைத் தூக்குவதா வேண்டாமா என்று நான் கோல்கீப்பரைப் பார்த்தேன்.

"கோலுதான்," என்றார் கோல்கீப்பர். "உள்ளதான் போச்சு."

அவருடைய ஆட்கள் அலறினார்கள். "அண்ணே, அரிசி போச்சே! சும்மா இருந்திருக்கலாம்ல?"

"பொய் சொல்லிட்டா, அடுத்த ஆட்டத்துல இந்த நெட்டையன எந்த வாயால கிண்டல் பண்றது?"

பத்துப் பேரும் அவரைத் துரத்தினார்கள். தொந்தி குலுங்க ஓடியவர், நெட்டையரைத் திரும்பிப் பார்த்துக் கத்தினார்: "டேய், போட்டது ஒரு கோலு! அதுவும் நான் சொல்லித்தான் ஒனக்குக் கெடச்சுது!"

நேர்மையால் சொன்னாரா, கிண்டலை விட மனமில்லாமல் சொன்னாரா? இன்றும் என்னால் முடிவு செய்ய முடியவில்லை.