படம் விட்டதும் வாசலில் நிற்பவர்

எங்கள் தியேட்டரை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டலாம் என்பது என் யோசனைதான். புதுச்சத்திரத்தில் தாத்தா கீற்றுக் கொட்டகையாகப் போட்டதை அப்பா சுவர் எழுப்பித் தியேட்டராக்கினார். எப்பேர்ப்பட்ட கூட்டம் கண்ட இடம்! இப்போது ஞாயிற்றுக்கிழமைகூட ஈ ஓட்டுகிறோம். ஆனால் அப்பா அசைந்து கொடுக்கவில்லை. ஒரே மகள் நான் கேட்டாலும் அதே பதில்தான். "ஓடற வரைக்கும் ஓடட்டும் அம்மிணி."

காலம் எங்கே போய்விட்டது என்று கண்ணால் பார்க்கட்டுமே என்று, சேலத்தில் ஒரு மாலுக்குள் இருக்கும் தியேட்டருக்கு அவரை மேட்னி ஷோ கூட்டிப்போனேன். நான் பாப்கார்ன் வாங்கத் திரும்பிய நேரத்தில், மனிதர் விறுவிறுவென்று கதவைத் தாண்டி நடந்துவிட்டார். பாவம், பிறந்ததிலிருந்து சினிமாவுக்கு டிக்கெட் காட்டி அறியாதவர். "பெரியவரே, டிக்கெட் எங்க?" என்று செக்யூரிட்டி கையைப் பிடித்து நிறுத்தினான். நான் ஓடிப்போய்ச் செல்போனைக் காட்டினேன். காது மடலெல்லாம் சுட்டது.

அதோடு விட்டாரா? படம் முடிந்ததும் முதல் ஆளாக வெளியே போய்க் கதவோரம் நின்று கைகூப்பினார். எங்கள் ஊரில் ஒவ்வொரு ஆட்டம் விட்டதும் அப்படித்தான் நிற்பார். "படம் புடிச்சுதுங்களா? பாத்துப் போங்க." ஊர் ஜனம் நின்று பதில் சொல்லிவிட்டுப் போகும். இங்கே காலேஜ் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒரு ஆள், குப்பை வாங்க நிற்கிறவர் என்று நினைத்து, கூப்பிய கையில் காலி டம்ளரைத் திணித்துவிட்டுப் போனான்.

அவனை நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். நான் அப்பா மேல் பாய்ந்தேன். "மானத்த வாங்காதீங்கப்பா! இதென்ன நம்ம தியேட்டருங்களா?"

டம்ளரைப் பிடித்தபடியே காரில் ஏறினார். வண்டி ராசிபுரம் தாண்டியது. பிறகு, "மண்டபமே கட்டிக்கலாம் அம்மிணி" என்றார். நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் வெட்கம் பிடுங்கித் தின்றது, இந்த முறை என்னை நினைத்து.

மண்டபமும் எழும்பிவிட்டது. முதல் முகூர்த்தத்தன்று அப்பாவுக்குப் புது வேட்டி எடுத்துக் கொடுத்து, "வாசல்ல வந்து நில்லுங்கப்பா, வர்றவங்களக் கும்பிட்டுக் கூப்புடுங்க" என்றேன். செய்ததற்கு ஈடுகட்டிவிடலாம் என்று எனக்கு நினைப்பு.

அப்பா வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அங்க பொண்ணு ஊட்டுக்காரங்க நிப்பாங்க அம்மிணி. எனக்கென்ன வேலை?"