லிஃப்டில் ஏறி இறங்கிய சுருக்குப்பை

எங்கள் கட்டடத்து லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் அடிக்கடி நிற்கிறதாம். லிஃப்ட்காரர்தான் நிறுத்துகிறாராம். நிறுத்திவிட்டு ஊசியை எடுத்து நிதானமாகப் பின்னுவாராம், வரிசை முடிந்தால்தான் உள்ளே இருப்பவர்களுக்கு விடுதலையாம். இதை எனக்குச் சொன்னவர்கள் ஒன்பது பேர். அவர்களில் ஒருவர்கூட அப்படி மாட்டிக்கொண்டதில்லை. மாட்டிக்கொண்டவரை நன்றாகத் தெரியும் என்றார்கள்.

வதந்தி என்றால் நான் காதைத் தீட்டிக்கொள்கிறவன்தான். ஆனால் இந்த முறை நான்காவது மாடிக் கணக்குப் பிரிவிலிருந்து, பத்துக் கையெழுத்தோடு, புகார் மனுவே போய்விட்டது. வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் முடிவு சொல்வார். புகார் உண்மையென்றால் லிஃப்ட்காரர் பதினோரு வருடம் உட்கார்ந்த முக்காலியை விட்டு, அடித்தளத்துப் பழைய கோப்பு அறைக்குப் போக வேண்டும். அங்கே ஒரு கோப்பைப் பிரித்தால் எட்டுத் தும்மல் நிச்சயம். அவருக்கோ பெருக்குகிற சத்தம் கேட்டாலே தும்மல் வரும்.

புதன்கிழமை காலை கடிகாரத்தோடு லிஃப்டில் ஏறினேன். என் அலுவலகம் ஆறாவது மாடி. இறங்கவில்லை.

முக்காலிக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா, அதற்குள் வெள்ளைப் பருத்தி நூலுருண்டை. நூல் டப்பாவிலிருந்து கிளம்பி அவர் மடிக்கு வந்து, இரண்டு ஊசிகளில் இருபத்து நான்கு கண்ணிகளாக உட்கார்ந்திருந்தது. பொத்தானை முழங்கையால் அழுத்தினார். ஏழாவது மாடி போய்ச் சேர்வதற்குள் ஒரு வரிசை. அங்கே பின்னலைத் திருப்பிக்கொண்டு, இறங்கும்போது மறு வரிசை. நடுவில் எங்கும் லிஃப்ட் நிற்கவில்லை. அவர் உதடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "பதினாறு... பதினேழு..."

"என்னங்க பின்றீங்க?" என்றேன்.

"போச்சு!"

கண்ணி நழுவி, கீழே கீழே ஓடிவிட்டது. பிரித்து மறுபடி கோத்ததில் இரண்டு வரிசை காலி.

"மன்னிச்சிடுங்க."

"மன்னிப்பை வச்சுக்கிட்டு நான் என்ன சார் பண்றது? ரெண்டு வரிசை போச்சு. அதை நீங்கதான் போட்டுத் தரணும்."

சிரித்துக்கொண்டே சொன்னார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நானும் சிரித்து வைத்தேன்.

விஷயம் இதுதான். அவர் மனைவி பின்னல்காரி. நூலும் கையுமாகவே இருப்பவர். "நூலை வாங்கி, அதைச் சிக்காக்கி, அதுக்கு ஒரு பேரும் வைக்கிற வேலை" என்று இவர் பல வருடம் கிண்டலடித்திருக்கிறார். போன மாதம் குளியலறையில் சோப்புக் கட்டி கையிலிருந்து துள்ளி விழ, அதன் மேலேயே மனைவி காலை வைக்க, வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு ஆறு வாரம்.

"அவளுக்கு ஒத்தைக் கையில சோப்பு நிக்கவே மாட்டேங்குது சார். ஒரு சுருக்குப்பைக்குள்ள போட்டு, கயித்தைக் குழாய்ல மாட்டிட்டா, பையோடவே தேய்ச்சுக்கலாமாம். கடையில வாங்கித் தரேன்னேன். 'என் கை நல்லா இருந்தப்போ கேலி பண்ணீங்கல்ல, இப்போ உங்க கை என்ன பண்ணுதுன்னு பாக்கறேன்'னுட்டா."

முதல் பையை டப்பாவிலிருந்து எடுத்துக் காட்டினார். ஒரு பக்கம் ஒரு சாண், மறுபக்கம் அரைச் சாண். லிஃப்ட் திரும்பினால் பின்னலும் திரும்ப வேண்டும் என்று இவராக ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்தார். ஏழாவது மாடிவரை ஆள் இல்லாமல் லிஃப்ட் நாலாவதிலேயே திரும்பிய போதெல்லாம், இவரும் வரிசையைப் பாதியில் திருப்பிவிட்டார். பை நாலாவது மாடிப் பக்கமாகவே வளர்ந்துவிட்டது.

"வீட்டுல பாத்துட்டு, 'ஏங்க, இது சோப்புக்கா, இல்ல யாரோட மூக்குக்காவது உறையா?'ன்னு கேட்டா."

அன்று பன்னிரண்டு நடை ஏறி இறங்கினேன். ஏழு மாடிக்கு ஐம்பத்தெட்டு விநாடி, சில சமயம் ஒரு நிமிடம். இது தாமதமா என்று ஏழாவது மாடிக்குத் தினமும் டீ கொண்டுபோகிறவரைக் கேட்டேன்.

"தாமதமா? அட போங்க சார்! முன்னாடியெல்லாம் கதவைப் பிடிச்சுக்கிட்டு மாடிக்கு மாடி கதை பேசுவாரு. மேல போறதுக்குள்ள டீயில ஆடை கட்டிரும். இந்த ஒரு மாசமாத்தான் சூடா போகுது."

அப்படியானால் புகார் எதற்கு? நான்காவது மாடித் தலைமை எழுத்தர் அம்மாவிடம் போனேன். முதல் கையெழுத்து அவருடையது.

"லிஃப்ட் நின்னுச்சாம்மா?"

"நின்னுச்சோ இல்லையோ, மனுஷன் வாயே திறக்கிறதில்ல. யாருக்கு மாற்றல், யாருக்குக் கல்யாணம், எல்லாம் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். நேத்து 'வீட்டுல எப்படி இருக்காங்க'ன்னு கேக்கறேன், 'பதினெட்டு'ங்கறார்!"

எனக்கு விளங்கிவிட்டது. நான்கு வாரமாகச் செய்தி வரத்து நின்றுபோன மாடி, வேறு வழியில்லாமல் சொந்தமாகவே ஒன்றைத் தயாரித்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் லிஃப்டிலேயே விசாரணை வைத்தார். நான் கடிகாரக் கணக்கைச் சொன்னேன், டீக்காரர் டீயைச் சொன்னார். லிஃப்ட்காரர் பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். கோணல் பையை எடுத்து நீட்டினார். மேற்பார்வையாளர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் வீட்டில் மனைவி உண்டு என்பது முகத்தில் தெரிந்தது.

"சரி. முக்காலி உங்களோடதுதான். ஏறும்போது பின்னுங்க, இறங்கும்போது நாலு வார்த்தை பேசுங்க."

"அப்போ மறு வரிசையை எப்போ சார் போடறது?"

அதற்கு நிர்வாக விதிகளில் பதில் இல்லை. கடைசியில் சாப்பாட்டு இடைவேளை ஒதுக்கப்பட்டது.

இரண்டாவது பை அடுத்த புதன்கிழமை முடிந்தது. இம்முறை லிஃப்ட் எங்கே திரும்பினாலும் இவர் வரிசை முடியும்வரை திரும்பவில்லை. மேலே ஓட்டை விட்டு ஒரு வரிசை, அதற்குள் கயிறு, கயிற்று நுனியில் இரண்டு முடிச்சு. அவர் மனைவி ஒற்றைக் கையால் இழுத்துப் பார்த்து, "முடிச்சு மட்டும் நல்லா இருக்கு" என்றாராம். பதினோரு வருடத்தில் கிடைத்த பெரிய விருது போல, அதை மாடிக்கு மாடி சொன்னார். நான்காவது மாடியில் இரண்டு முறை.

தலைமை எழுத்தர் அம்மா தனக்கும் ஒன்று கேட்டிருக்கிறார். அதைப் பதினாறு வரிசை பின்னிவிட்டு, இரண்டு ஊசியையும் பிஸ்கட் டப்பா மேல் வைத்துக்கொண்டு லிஃப்ட்காரர் காத்திருக்கிறார். பதினேழும் பதினெட்டும் என்னுடையவையாம். விளையாட்டில்லை என்று இப்போது தெரிகிறது.

ஒரு வாரமாக நான் ஆறாவது மாடிக்குப் படியில்தான் ஏறுகிறேன்.