நான்கு மூலைகளும் முழுதாய் வந்த கடிதம்

நேற்று எனக்கு மருமகன் முறையாகும் ஒருவரின் மகளுடைய திருமண அழைப்பிதழ் கைப்பேசியில் வந்தது. நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவியிருந்தது. அதாவது, தடவியது போன்ற படம் இருந்தது. இந்தக் கிழவியின் அறியாமையைக் கேளுங்கள்: அதை விரலால் தொட்டு, விரலை மூக்கருகே கொண்டுபோனேன். மணமில்லை. தொட்ட மாத்திரத்தில் அழைப்பிதழே மறைந்து, யாருடையதோ ஒரு நாய்க்குட்டி திரையில் வந்து நின்றது.

மஞ்சள் மூலை என்றால் எனக்கு நினைவில் எழுவது இலங்கைக் கடற்கரையில் நான் பிறந்த ஊரான உடப்பும், இரண்டாம் உலக யுத்தமும், அண்ணனுமே.

அந்நாளில் எங்கள் கரையில் கடிதத்தை வாசிக்குமுன் மூலையைத்தான் பார்ப்பார்கள். மஞ்சள் பூசிய மூலை நற்செய்தி. கிழிந்த மூலை இழவு. அத்தகைய கடிதத்தை வாசலுக்கு வெளியே நின்றே வாசித்து, அங்கேயே கிழித்தெறிந்துவிட்டுத் தலைமுழுகுவார்கள். எழுத்தறியாதவரும் அறிந்துகொள்ளட்டும் என்று முன்னோர் எவரோ வகுத்த முறை.

அண்ணன் கரைவலை இழுக்கும் தொழிலை விட்டு, வெள்ளைக்காரனின் படையில் சேர்ந்து எகிப்துக்குப் போனபோது எனக்கு எட்டு வயதிருக்கும். அவனை மணந்து மதினி எங்கள் வீட்டுக்கு வந்து ஓராண்டு நிறைந்திருக்கவில்லை. அப்பா வலைத்தொழிலாளி, ஆயினும் பதிகம் ஓதாமல் கடலில் கால் வைக்காதவர். உச்சியில் ‘சிவமயம்’ என்றும், வலது மூலையில் ஊரும் தேதியும் எழுதாத கடிதம் கடிதமே அன்று என்று அண்ணனைப் பழக்கியவர். (எதையும் சீர் கெடாமல் எழுதவேண்டுமென்ற பிடிவாதம் எனக்கும் அவரிடமிருந்து ஒட்டியதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

பாலைவனத்திலிருந்தும் அண்ணன் அவ்வண்ணமே எழுதினான். படையினர் இருக்குமிடம் வெளியே தெரியலாகாது என்பதால், கடிதங்களைத் தணிக்கை செய்தவர் ஊர்ப்பெயர் இருந்த மூலையைக் கத்தரித்துவிட்டு அனுப்பினார்.

முதற்கடிதம் வந்த அன்று, அம்மா உறையைப் பிரித்தாள். மூலை இல்லாததைக் கண்டாள். நிலத்தில் விழுந்து அலறினாள். மதினி தன் வளையல்களை அம்மிக்கல்லில் மோதி உடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அப்பா கடிதத்தைப் பறித்து வாசித்தார்: ‘நான் இங்கு நலம். பேரீச்சம்பழம் நிறையக் கிடைக்கிறது.’

கற்பிட்டியிலிருந்து கால்வாய்த் தோணியில் கருவாடு வாங்க வரும் முஸ்லிம் வியாபாரி ஒருவர், நாங்கள் ‘நானா’ என்று அழைப்பவர், எங்களுக்கு உறவினர் போன்றவர். நடந்ததைக் கேட்டுச் சிரித்தார்.

“வெள்ளக்காரனுக்கு உங்கட மூலக் கதயெல்லாம் தெரியுமா தங்கச்சி? கையில கத்தரி ஈந்தா அவன் வெட்டத்தான் செய்வான்.”

“உங்களுக்குச் சிரிப்பு நானா. என்ட வயிறெல்லோ எரியுது” என்றாள் அம்மா.

இனி ஊர்ப்பெயர் எழுதவேண்டாம் என்று அப்பா மடல் அனுப்பினார். அது அண்ணனைச் சேர்ந்ததோ இல்லையோ, மூலையற்ற கடிதங்களே தொடர்ந்து வந்தன. அவன் உயிரோடிருக்கிறான் என்பதற்கு அவையே சாட்சி. ஆயினும் அம்மா ஒவ்வொன்றையும் வாசலுக்கு வெளியே நின்றே பிரித்தாள். பொறுக்கமாட்டாமல் ஒருநாள் திரௌபதை அம்மன் சன்னதியில் நேர்ந்துகொண்டாள்: “தாயே, நாலு மூலயும் முழுசா ஒரு கடுதாசி வரட்டும். உனக்குப் பொங்கல் வைக்கிறன்.”

வந்தது. நீண்ட உறை, தடித்த தாள், தட்டச்சில் அடித்த ஆங்கிலம். மூலைகள் நான்கும் கூர்மையாக இருந்தன.

“பாருங்க, ஒரு மூலயும் வெட்டல்ல! லீவு குடுத்திட்டான் போல” என்றாள் அம்மா.

“இங்கிலீசில ஏன் எழுதியிருக்கு?” என்றார் அப்பா.

“பெரிய துரை கையெழுத்துப் போட்டிருக்கான். உங்க மகன் இப்ப பெரிய ஆள். மஞ்சள எடு புள்ள!”

புதுவளையல் குலுங்க, மதினியே நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவினாள். அன்று மாலை அம்மனுக்குப் பொங்கல் வைத்தோம். எங்கள் தெருவில் ஆங்கிலம் வாசிப்பவர் எவருமிலர். கொழும்புக்குப் போய் வியாபாரம் செய்து பழகிய நானாவுக்கு ஓரளவு வாசிக்கத் தெரியும். மறுநாள் காலை அவர் வந்தபோது, முதலில் பொங்கலையும் பிறகு கடிதத்தையும் அம்மா அவர்முன் வைத்தாள்.

வாய்க்குள் வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

“எப்ப வாறானாம் நானா?”

“தங்கச்சி...” என்றார். அம்மாவைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார். பிறகு எழுந்து, வாசலுக்கு வெளியே போய் நின்று, மஞ்சள் பூசிய மூலைகளில் ஒன்றைத் தம் கையால் கிழித்தார்.

இம்முறை மதினி வளையல்களை உடைக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தாள். அவளுடைய நகங்களில் அந்த மஞ்சள் சில நாட்கள் கிடந்தது.

அம்மனை நான் நொந்ததில்லை. அம்மா கேட்டதையே அவள் கொடுத்தாள். அப்பாவும் நோகவில்லை, பதிகம் ஓதிக்கொண்டேதான் கடலுக்குப் போனார். ஆனால் ஓதுவோர் அடையும் பலனைச் சொல்லுமே கடைசிப் பாட்டு, அதை மட்டும் அதன்பின் அவர் வாயால் நான் கேட்டதில்லை.

நானாவின் பேரன் காலமான செய்தியும் சென்ற மாதம் இதே கைப்பேசியில்தான் வந்தது. கல்யாணத்துக்கு அடித்த அதே மணி, அதே வெளிச்சம். கட்டிலில் கிடந்தபடியே வாசித்தேன். இந்தக் கருவியின் மூலைகள் நான்கும் வழவழவென்று வளைந்திருக்கின்றன. கிழிப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. சொல்ல வாய் வராமல் வாசலுக்கு வெளியே போய் நிற்க, ஒரு மனிதரும் இல்லை.