அரைப் பேரும் முழுக் கூலியும்

அந்த அறிவிப்பு ஆலை வாசலில் ஒட்டப்பட்டது 2603-ஆம் ஆண்டில். அது அப்போது பினாங்கை ஆண்ட ஜப்பானியரின் கணக்கு. நம் கணக்கில் 1943. மாதத்தை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சித்திரை வருடப்பிறப்புக்கு முன்பு என்று ஒரு நினைவும், பின்பு என்று இன்னொரு நினைவும் இருக்கின்றன, இரண்டும் ஒரே அளவு தெளிவாக. தேதி விஷயத்தில் பிடிவாதக்காரனான எனக்கு இது இன்றுவரை உறுத்தல்தான். கடிகாரங்களையும் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்த காலம் அது. பன்னிரண்டு மணிச் சங்கு ஊதும்போது சூரியன் பழைய பத்தரை மணி உயரத்தில்தான் நிற்கும். எந்த மணிக்குப் பசிக்க வேண்டும் என்பதே குழப்பமாக இருந்தது.

சுங்கை பினாங் ஆற்றோரம் இருந்த தேங்காயெண்ணெய் ஆலை அது. என் பழைய துறைமுக வேலை வெள்ளைக்காரர்களோடு போய்விட்டதால், அங்கே கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவனாகச் சேர்ந்திருந்தேன். தொழிலாளர்களில் பெரும்பாலோர் கெடாவின் ரப்பர் தோட்டங்கள் முடங்கிய பிறகு பட்டர்வொர்த்திலிருந்து கடல் கடந்து வந்தவர்கள். தோட்டத்து வழக்கம் ஒன்றையும் கூடவே கொண்டுவந்திருந்தார்கள். தோட்டத்தில் காலையில் ஆளெண்ணிப் பேர் போடுவார்கள். முழுநாள் வேலை செய்பவருக்கு முழுப் பேர். முடியாதவருக்கு அரைப் பேர், பாதிக் கூலி. எங்கள் முதலாளிக்கும் இது வசதியாக இருந்தது. நோயாளிகள், வயதானவர்கள், கைக்குழந்தைக்காரிகள் என்று ஒரு சிலர் அரைப் பேரில் இருந்தார்கள். அதை அநியாயம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எந்தத் தொழிலாளிக்கும் நாளொன்றுக்கு இன்ன தொகைக்குக் குறைவாகக் கூலி கொடுக்கக்கூடாது, மீறுகிற முதலாளி தண்டிக்கப்படுவார் என்பதுதான் அறிவிப்பு. அரைப் பேர் என்று ஒன்று உலகத்தில் இருப்பது அதை எழுதியவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

நான் உரக்கப் படித்துக் காட்டினேன். கொப்பரை மூட்டை தூக்கும் வாலிபர் ஒருவர் முன்னால் நின்றிருந்தார். கல்யாணம் ஆகாதவர், வாய் ஓயாதவர், கூலியைக் காஜி என்றும் முதலாளியைத் தவுக்கே என்றும் பினாங்குப் பேச்சில் சொல்பவர்.

"காஜி ஏறுதுலா. இனிமே நானும் தவுக்கேதான். வழி விடுங்க" என்றார்.

"உன் காஜியோட மரவள்ளிக்கிழங்கும் ஏறும் தவுக்கே. மொதல்ல மூட்டையைத் தூக்கு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அந்தக் குரல் சொன்னதிலும் பிழையில்லை. ஜப்பானியர் வெளியிட்ட, வாழைமரம் அச்சிட்ட நோட்டுகள் கைக்கு வருவதற்குள் பாசாரில், அதாவது சந்தையில், விலை மாறிவிடும். ஆனாலும் அன்று எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் வேலைக்குப் போனார்கள்.

மறுநாள் முதலாளி என்னை அழைத்தார். பாதி வேலைக்கு முழுக் கூலி கொடுத்தால் ஆலையை மூட வேண்டியதுதான் என்றார். அரைப் பேர்க்காரர்களில் முழு வேலை செய்யக்கூடியவர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை நிறுத்திவிடச் சொன்னார். கெட்ட மனிதர் என்று அவரை எழுத எனக்கு மனம் வரவில்லை. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் வெளியே கொப்பரை காய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிறுத்தப்பட வேண்டியவர்களில் ஒருவர் கொப்பரை நறுக்குபவர். நாற்பது வயதிருக்கும். கணுக்காலுக்கு மேலே ஆறாத புண். நிற்க முடியாது, உட்கார்ந்து செய்யும் வேலை பாதி நாள் ஓடும். அவருக்குக் கூலியைவிடப் பெரிது ஆலையில் வேலை செய்கிறார் என்ற சீட்டு. அது இல்லாத ஆண்களைத் தெருவில் பிடித்து லோரியில் ஏற்றி, சயாமில் ரயில்பாதை போட அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலோடு சயாமுக்குப் போனால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அவருடைய மனைவி அன்று மாலையே முதலாளியிடம் வந்து நின்றார். அவர் அக்கம்பக்கத்து வீடுகளில் துணி துவைப்பவர். ஆலையில் பேர் இல்லாதவர். கணவர் வாசலோடு நின்றுகொண்டார்.

"அரைக் கூலியே போதுங்க. பழையபடி குடுங்க, நாங்க ஏன்னு கேக்க மாட்டோம்."

"நீ கேக்க மாட்டம்மா. ஜப்பான்காரன் கேப்பான். குறைச்சுக் குடுத்தா என்னையில்ல பிடிச்சிட்டுப் போவான்."

"அப்ப முழுசா குடுங்க. கையெழுத்து வாங்கிக்குங்க. பாதியை நானே கொண்டாந்து திருப்பித் தந்திடறேன்."

முதலாளி என்னைப் பார்த்து, "என்ன தம்பி, இது சட்டப்படி சரியா?" என்று கேட்டார். சரியில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் யாருக்காகச் சட்டம் போட்டார்களோ அவர்களே அதைச் சுற்றிக்கொண்டு போக வழி கேட்டு நிற்கும்போது சரி எது என்று எனக்குத் தெரியவில்லை. பின்னாளில் கூலிக்குக் கீழ்வரம்பு வைப்பதைப் பற்றிப் பல நூல்களைப் படித்தேன். வேலை குறையும் என்பார் ஒருவர், குறையாது என்பார் மற்றவர். இருவர் எழுத்தும் படிக்கும்போது நியாயமாகவே பட்டது. அன்று நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா என்பது எனக்கே நிச்சயமில்லை. முதலாளி ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

அப்படியே நடந்தது. சம்பள நாளில் கணவர் முழுக் கூலியை வாங்குவார். மனைவி பாதியை எடுத்துவந்து முதலாளியின் மேசையில் வைப்பார். மற்ற அரைப் பேர்க்காரர்களில் இருவர் முழு வேலைக்கு ஒப்புக்கொண்டார்கள்; மிச்சமிருந்த பெண்கள் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள்.

பிறகு சோதனைக்கு ஓர் அதிகாரி வந்தார். கூடவே ஜப்பான் மொழி கற்றிருந்த தமிழர் ஒருவர் மொழிபெயர்க்க வந்தார். ஆட்களை வரிசையில் நிறுத்தி, முழுக் கூலி கிடைக்கிறதா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். கிடைக்குதுங்க, கிடைக்குதுங்க என்று வரிசை நகர்ந்தது. முதலாளி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கால்புண்காரர் முறை வந்தது. அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"நான் யாரையும் ஏமாத்தலைங்க. முழுசா கையில வருது, வாஸ்தவம்தான். அரைப் பேருக்கு உண்டானதை மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தை முதலாளிகிட்டயே குடுத்திடறோம்."

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. தோட்டத்தில் துரை சோதனைக்கு வந்தால் ஒன்றுக்காகத்தான் வருவார்: அரை வேலை செய்துவிட்டு முழுப் பேர் வாங்கியவன் யார் என்று பிடிக்க. கூலிக்காரன் பக்கம் நின்று கேட்க ஒருவர் வருவார் என்று அவருக்குத் தோன்ற இடமே இல்லை. தன் நாணயத்தைத்தான் அவர் நிரூபித்துக்கொண்டிருந்தார்.

மொழிபெயர்ப்பாளர் அவரைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். பிறகு அதிகாரியிடம் ஏதோ சொன்னார். சொன்னது நீளமாக இருந்தது. அதிகாரி புண்ணைக் குனிந்து பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லவில்லை. அடுத்த ஆளிடம் போய்விட்டார்கள்.

என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது. முதலாளி சில நாட்கள் லோரிச் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றார். யாரும் வரவில்லை. ஆனால் அடுத்த சம்பள நாளில் அந்த அம்மா பாதியை வைத்தபோது அவர் நெருப்பைத் தொட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார். வேண்டாம், கொண்டுபோ என்றார். அந்த அம்மாவுக்கு அது பயத்தைத் தந்தது. வாங்க மறுப்பது வேலையிலிருந்து எடுக்கத்தான் என்று நினைத்து, பணத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் திருப்பிக் கொடுத்தேன். மறுபடி வைத்தார். கடைசியில் பணம் அவரிடமே தங்கியது.

கால்புண்காரரை நிறுத்த முதலாளிக்குத் துணிவில்லை. அதிகாரி பார்த்துவிட்டுப் போன ஆள். ஆனால் பாதி வேலைக்கு முழுக் கூலி போய்க்கொண்டிருந்தது. கொப்பரை வரத்தும் குறைந்திருந்தது. ஓர் ஆளைக் குறைக்க வேண்டும் என்றார். குடும்பம் இல்லாதவர் என்று மூட்டை தூக்கும் வாலிபரை நிறுத்தினார்.

அவர் கணக்கு முடிக்க என் மேசைக்கு வந்தார். அன்றும் சிரித்த முகம்தான்.

"கிராணி அண்ணே, நீங்க படிச்சவரு. யாரு மேல கோவப்படணும்னு சொல்லுங்க. கோவப்பட்டுட்டுப் போறேன்லா."

முதலாளியை நினைத்தேன். உண்மையைச் சொன்ன மனிதரை நினைத்தேன். கூலியை உயர்த்திய அறிவிப்பை நினைத்தேன். ஒவ்வொன்றையும் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவர் நோட்டுகளை எண்ணி மடியில் செருகிக்கொண்டார். பிறகு, "உங்களுக்கும் தெரியலையா? சரி விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சீட்டில்லாமல் பாசார் பக்கம் நடந்தவரை லோரியில் ஏற்றிவிட்டார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டோம். சயாமிலிருந்து திரும்பியவர்களிடமெல்லாம் விசாரித்தேன். பார்த்ததாகச் சொன்னவர் யாருமில்லை.

அந்த வாலிபரை லோரியில் ஏற்றிய செய்தி வந்த மறுநாள் காலை வழக்கம்போல் பேர் போட்டேன். கால்புண்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் பேரைக் கூப்பிட்டேன். "இருக்கேங்க" என்றார். முழுப் பேர் என்று எழுதினேன்.