ஆறுக்கும் ஒன்பதுக்கும் ஒரே தகடு

எண்பதுகளில் அம்பத்தூரில் மோட்டார் பாகம் செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றில் பெட்டி அடித்தேன். சாமானை மரப்பெட்டியில் வைத்து ஆணி அடிப்பேன். தராசில் ஏற்றுவேன். எண் வெட்டிய தகட்டைப் பெட்டிமேல் வைத்துக் கறுப்பு மை ஒற்றினால் எடை விழும். எழுதத் தெரிய வேண்டியதில்லை. எனக்குப் பிடித்த வேலை.

ஆறுக்கும் ஒன்பதுக்கும் ஒரே தகடு. திருப்பி வைத்தால் மற்றது.

ஒரு மழைக்காலத்தில் வடக்கே மலை ஊர் ஒன்றுக்கு நாலு பெட்டி போனது. ரோடு இடிந்திருந்ததால் கடைசித் தூரம் சின்னச் சரக்கு விமானத்தில். அது மலையில் மோதியது. ஓட்டிய இரண்டு பேரும் செத்துப்போனார்கள்.

மேஸ்திரிதான் வந்து சொன்னார். "லோடு ஜாஸ்தியான்னு ஏரோப்ளேன் கம்பெனில கேக்குறாங்கபா."

கிளார்க் பெட்டியைப் பார்த்துத்தான் புத்தகத்தில் எழுதுவார். நாலாவது பெட்டிக்கு அறுபத்தாறு கிலோ என்று இருந்தது. தராசு காட்டியது அறுபத்தாறா, தொண்ணூற்றாறா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. தகட்டை மாற்றி வைத்திருந்தால் முப்பது கிலோ தெரியாமல் ஏறியிருக்கும்.

சேக்காட்டில் வீடு. மனைவியிடம் சொன்னேன். "நீ போட்டா கரீட்டாத்தான் இருக்கும். துன்னு," என்றாள். சோறு இறங்கவில்லை.

பக்கத்தில் வேலை செய்கிறவன் கேட்டான். "இன்னா அண்ணாத்தே, உன்னையும் ஆணி அடிச்சு மூடிட்டாங்களா? வாயே தொறக்க மாட்டேன்ற."

மறுநாள் மேஸ்திரியிடம் போனேன். "நாலாவது பொட்டி எடை மேல எனக்கே டவுட்டு கீது. எழுதிக் கேளுங்க."

"சும்மா கெடக்குறத நீயே ஏன்யா கிளப்புற? வேல போய்டும்."

"போனா போவட்டும். கேளுங்க."

கேட்டார். பதினைந்து நாள் பதில் இல்லை. அதுவரை ஒவ்வொரு பெட்டியையும் இரண்டு தடவை தராசில் ஏற்றினேன்.

ஒரு மத்தியானம் மேஸ்திரி கடுதாசியோடு வந்தார். "யோவ், ஏத்தறதுக்கு முன்னாடி அங்கயும் எடை போட்டுக்கீறாங்க. அறுபத்தாறுதான். மேகத்துல மலை தெரியாம மோதிக்கீது. போ, டீ குடி."

அன்று ராத்திரி வஞ்சிரக் குழம்பு. மூன்று தடவை சோறு வாங்கினேன். அந்த இரண்டு பேர் வீட்டில் இன்றைக்கு என்ன சாப்பிட்டிருப்பார்கள் என்று நினைப்பு வந்தது. நினைத்தபடியேதான் சாப்பிட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.