வாப்பா சொன்னதாக நான் சொன்னது

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். உப்புவெளிக் கடற்கரையில் தனியாளாக இந்தச் சுற்றுலா விடுதியைக் கட்டி, வேலைப் பிள்ளைகளுக்கு ஆங்கில வகுப்பும் வைத்திருக்கிறேன். இன்று ஏறுவதற்கு ‘கெட் ஒன்’, திரும்பி வருவதற்கு ‘கம் பாக்’ எல்லாம் முடித்து, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் எப்படிச் சொல்வதென்று ரீச்சர் படிப்பிக்க, களைத்துப்போய்ப் பின்கதிரையில் இருந்த எனக்கு ஜெனரேற்றரின் டீசல் மணம் வந்தது. பாலம் வருமுன் கிண்ணியாத் துறையில் ஓடிய படகின் மணம் அது. உம்மாவோடு சண்டைபோட்டு அக்கரையில் தங்கிவிட்ட வாப்பாவின் பேச்சை, மாடும் லொறியும் ஆட்களும் நெருக்கியடிக்கும் அந்தப் படகில் ஏறி, நான்தான் உம்மாவிடம் கொண்டுவருவேன்.

ஒருநாள் வாப்பா, “இனி வரமாட்டன் எண்டு சொல்லு” என்றார்.

“என்னவாம் மகன்?” என்று உம்மா கேட்டார்.

“பெருநாளைக்கு வருவாராம்.”

உம்மா அன்றே அவர் உடுக்கும் சாரத்தைத் தோய்த்துக் காயப்போட்டார். பெருநாளன்று கடைசிப் படகு வரும்வரை துறையில் நின்றார். தனியே திரும்பி வரும்போது, வாப்பா உண்மையில் என்ன சொன்னாரென்று என்னிடம் கேட்கவில்லை.